பின்கழுத்துத் திருகாணி

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று என் அட்டிகைகள் கடைக் கண்ணாடிக்குள் ஏறின. பூரணி ஜுவல்லர்ஸின் மூன்று மாடியிலும் எத்தனையோ நகை கிடக்கிறது, ஆனால் ஜனங்கள் நின்று பார்ப்பது என் தட்டைத்தான். இதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். பெருமைப்பட வேண்டியதைப் பார்த்துப் பெருமைப்படாமல் குனிந்து நெளிவது எனக்கு வராது.

முதலாளி தணிகாசலம் 'மருதங்கோட்டை அரண்மனை அட்டிகை' என்று பெரிதாகப் பலகை வைத்திருக்கிறார். அதன் கீழே 'வடிவமைப்பு: குழல்வாய்மொழி நாச்சியார்'. ஜமீன் வீட்டுப் பெண் தி.நகரில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதை அப்பா கண்டிருந்தால் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டார். ஜமீன் போன பிறகு எங்கள் தலைமுறைக்கு மிஞ்சியது ஒழுகுகிற கூரையும் ஒரு பெயரும்தான். கூரை அண்ணன் பாடு. பெயரை வைத்து நான் பிழைக்கிறேன், கௌரவமாகவே பிழைக்கிறேன்.

அட்டிகை என்றால் எல்லாரும் முன்பக்கத்துக் கெம்புக் கல்லைப் பார்க்கிறார்கள். முன்னால் தொங்குகிற இரட்டைக் கிளியைப் பார்க்கிறார்கள், அது எங்கள் ஜமீன் சின்னம். வேலை என்னவோ பின்கழுத்தில் இருக்கிறது. இரண்டு முனையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும், நடுவில் ஊசி போல ஒரு திருகாணி இறங்கி மறைந்துவிடும். பூட்டு எங்கே இருக்கிறது என்று தடவித் தேடினாலும் அகப்படாது. அரண்மனைப் பெண்கள் தங்கள் நகையைத் தாங்களே பூட்டிக்கொள்வதில்லை. பின்னால் ஒருத்தி நின்று பூட்டிவிட வேண்டும். தானே பூட்டிக்கொள்கிறவள் ஆளில்லாதவள் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. நான் வயதுக்கு வந்த நாளிலிருந்து வெறுங்கழுத்தோடு வாசல்படி தாண்டியதில்லை. ஒரு நாளும் என் கையால் பூட்டியதும் இல்லை.

பேச்சி பூட்டுவாள். என் கல்யாணத்தில் அரண்மனையிலிருந்து என்னோடு அனுப்பப்பட்டவள். புகுந்த வீட்டுக்கு, குன்னூருக்கு, வந்தாள், பிறகு சென்னைக்கும் வந்தாள். அவர் குன்னூரிலேயே இருக்கிறார். அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறது.

"கழுத்த ஆட்டாதீய நாச்சியா, திருகாணி முடியில மாட்டுது" என்று காலையில் அதட்டினாள். ஐம்பத்தொரு வயதில் என்னை அதட்ட இந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தைரியம் உண்டு.

ஏப்ரல் 30, புதன்

அட்சய திருதியை. கூட்டமா அது! கடைக்குள் நகர முடியவில்லை.

என் அட்டிகைகள் போய்க்கொண்டே இருந்தன. விற்பனைப் பெண்கள் பின்னால் நின்று பூட்டிவிட, ஒவ்வொருத்தியும் கண்ணாடியில் தன்னைப் புதிதாகப் பார்த்தாள். பிரபாவதி என்று ஒரு வக்கீல், வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். போட்டவர் கழற்ற மனமில்லாமல் நின்றார். என்னைப் பார்த்து, "உண்மையச் சொல்லுங்க மேடம், எனக்கு இது ஓவரா இல்லையே?" என்றார்.

"தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க. இப்பப் பாருங்க" என்றேன்.

நிமிர்த்தினார். சிரித்தார். வாங்கிவிட்டார். என் நகைக்கு வேண்டியது அந்த நிமிர்ந்த தலைதான்.

மே 9, வெள்ளி

ஒரு அட்டிகை திரும்பி வந்தது. மாடல் பிடிக்கவில்லையாம். ரசனை இல்லாதவர்கள் கையில் அகப்பட்டதே என்று நகைக்காகத்தான் வருத்தப்பட்டேன்.

மே 14, புதன்

இன்னும் சில வந்துவிட்டன. தணிகாசலம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கெட்ட செய்தி சொல்லும்போது மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

"கோச்சிக்காதீங்க மேடம். வாங்கின சூட்டோட திருப்பிக் கொண்டாந்துடறாங்க. கேட்டா மாடல் புடிக்கலன்றாங்க. மாடலப் பாத்துதான வாங்கினாங்க?"

"கனம் தாங்கலைன்னு இருக்கும். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குக் கழுத்துல நூல் மாதிரி ஏதாவது தொங்கினா போதும்."

"என்னவோ. இந்த மாசம் பாப்போம். இதே கதைன்னா உருக்கறதுக்கு அனுப்பிட்டு, லேசா வேற ஏதாவது பண்ணித் தாங்க. தங்கம் எங்க போயிடப்போகுது?"

தங்கம் எங்கும் போகாது. போவது என் அட்டிகை. ஒன்றரை வருஷம் தாளில் வரைந்து, மெழுகில் வார்த்து, கல் கல்லாகப் பார்த்துப் பொறுக்கியது. அதை இந்த மனிதர் ரசத்துக்குப் புளி கரைப்பதுபோலச் சொல்கிறார். வெளியே வந்து கழிப்பறையில் முகம் கழுவினேன். அழவில்லை. மை கரைந்திருந்தது, வெயில்.

மே 19, திங்கள்

பேச்சி கோவில்பட்டிக்குப் போய்விட்டாள். மருமகளுக்குப் பிரசவம். "பச்ச ஒடம்புக்காரிய விட்டுட்டு ஓடியாற முடியாது, ஒரு மாசம் ஆவும் நாச்சியா. சமாளிச்சுக்கிடுவீயளா?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னைக் கைக்குழந்தைன்னு நினைச்சியா? கிளம்பு முதல்ல."

காப்பி நானே போட்டேன். நன்றாகவே வந்தது.

மே 20, செவ்வாய்

கடும் வெயில். கழுத்தில் ஒன்றும் போடவில்லை.

மே 21, புதன்

இன்று கடைக்கு ஒரு பத்திரிகைக்காரப் பெண் பேட்டிக்கு வருவதாக இருந்தது. என் அட்டிகையைப் போட்டுக்கொண்டுதானே பேச வேண்டும்? காலையில் அது பிடிவாதம் பிடித்தது. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் திருகாணி பிடிக்கக் கை இல்லை. திருகாணியைப் பிடித்தால் முனை நழுவுகிறது. திருகாணி கட்டிலுக்கு அடியில் உருண்டது. தவழ்ந்து எடுத்தேன். மறுபடி உருண்டது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் இன்னொரு கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்போது மூன்றாவது கை வேண்டியிருந்தது.

திருகாணியில் ஏதோ கோளாறு. பட்டறையில் சொல்ல வேண்டும்.

பேட்டிக்குத் தாமதமாகப் போனேன். கழுத்துவரை மூடிய ரவிக்கை போட்டிருந்தேன். போக்குவரத்து நெரிசல் என்று சொன்னேன்.

மே 23, வெள்ளி

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வெறுங்கழுத்தோடு எப்படிப் போவது? அட்டிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தேன். அந்த அம்மாள் ஈரத்தலையோடு கதவைத் திறந்து, "சொல்லுங்க" என்றார்.

"உங்க வீட்டுல தண்ணி வருதா?" என்று கேட்டேன்.

வருகிறதாம். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு வாய்ச்சொல்தான். "கொஞ்சம் பூட்டிவிடுங்களேன்." மாவட்ட ஆட்சியரிடமும் மந்திரி வீட்டுக் கல்யாணத்திலும் வாய் கூசாமல் பேசுகிறவளுக்கு அது வரவில்லை. கேட்டிருந்தால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "சார் ஊர்ல இல்லையா?" பதினோரு வருஷமாக ஊரில் இல்லாதவரைப் பற்றி ஈரத்தலைக்காரியிடம் வாசலில் நின்று பேச முடியுமா?

மே 26, திங்கள்

வக்கீல் பிரபாவதி வந்தார். அட்டிகையைப் பெட்டியோடு மேசையில் வைத்து, "மாடல் பிடிக்கலை" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். விற்பனைப் பெண்ணை நகரச் சொல்லிவிட்டு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"கழட்டவே மனசில்லாம நின்னீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். என்ன பிடிக்கலைன்னு சொல்லிட்டுத் தாராளமா திருப்பிக் குடுங்க."

"அதான் சொன்னேனே மேடம், மாடல்..."

"மாடல்ல எது? கல்லா, கிளியா, கனமா?"

"விடமாட்டீங்களா? இங்க உங்க கடைப் பொண்ணு பின்னாடி நின்னு போட்டுவிட்டா. வீட்டுல யாரு போட்டுவிடுவா?" அவர் குரல் ஏறியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "தங்கச்சி மக கல்யாணத்துக்குப் போடணும்னு ஆசை ஆசையா வாங்கினேன். விடியக்காலைல எழுந்து அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கீழ கார் வந்து ஹாரன் அடிக்கறான். அவனையா மேல கூப்பிட்டுக் கழுத்த நீட்டறது? கடைசில ஒரு செயினை மாட்டிட்டுப் போனேன். நான் தனியா இருக்கறவதான், சந்தோஷமா இருக்கறவதான். அதக் காலங்காத்தால என் கழுத்துல ஏறி உட்கார்ந்து குத்திக்காட்டற நகை எனக்கு எதுக்கு?"

கல்லைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். எனக்கும் ஒரு வாரமாக அதே கதை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"திருகாணியில கோளாறு. எங்க தப்பு. மாத்தித் தர்றேன், எனக்குக் கொஞ்சம் அவகாசம் குடுங்க" என்றேன். நம்பாமல் பார்த்தார். சரி என்றார்.

திருகாணியில் ஒரு கோளாறும் இல்லை. அது சொன்ன வேலையைச் செய்கிறது. ஆளுள்ள வீட்டுக்காக யாரோ செய்த பூட்டை, ஆளில்லாத வீடுகளுக்கு நான் விற்றேன். மற்றவர்களும் மாடல் பிடிக்கவில்லை என்று சொன்னதன் அர்த்தம் இப்போது புரிகிறது. அவர்கள் என்னைவிட ரோஷக்காரர்கள். வெளியே சொல்லவில்லை. எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று.

மே 29, வியாழன்

மூன்று நாள் வரைந்து தள்ளினேன். பூட்டை முன்னால் கொண்டுவந்துவிட்டேன். கிளி இரண்டையும் பிரித்து முனைக்கு ஒன்றாக வைத்தேன். ஒரு கிளியின் அலகு மற்றதன் அலகில் மாட்டிக்கொள்ளும், நடுவில் சிவப்புக் கல் உட்காரும். ஒரு கை போதும், கண்ணுக்கெதிரே கண்ணாடி. பூட்டை ஒளிக்கவில்லை. நகையிலேயே அழகான இடம் இப்போது பூட்டுதான். நான் இதுவரை செய்ததில் இதுதான் உசத்தி. எழுதும்போதே எனக்கு முதுகு நிமிர்கிறது.

தணிகாசலம் தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். மோதிரத்தைச் சுற்றவில்லை. "பிரமாதம் மேடம். ஆனா ஒண்ணு. கிளியும் அரண்மனைப் பேரும் உங்க அண்ணன் அனுமதியில போடறோம். மாடல மாத்தினா அவர் மறுபடி கையெழுத்துப் போடணும்."

அண்ணனுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "கிளியக் கொக்கியாக்கிப் போட்டியா?" என்றார்.

"கொக்கி இல்ல அண்ணே, பூட்டு."

"என்ன எழவோ. தானே பூட்டிக்கிடுத நகைக்கு மருதங்கோட்டைப் பேரு ஒரு கேடா? அது ஆளில்லாதவ போடுதது. உன் நெலம ஊருக்கெல்லாம் தெரியணும்னு தலையெழுத்தா குழலி?"

போனை வைத்துவிட்டேன். கூடப்பிறந்தவர் வாயிலிருந்து வந்தது என்பதால் கொஞ்சம் கூடவே சுட்டது.

தணிகாசலத்திடம் விஷயத்தைச் சொன்னேன். "அண்ணனோட அறுபதாம் கல்யாணம் வருதுன்னீங்களே, நேர்ல பேசிக் கையெழுத்தோட வாங்க. அரண்மனைப் பேரு இல்லாம இந்த விலைக்கு எவனும் தொடமாட்டான். கையெழுத்து வரலைன்னா மொத்தத்தையும் உருக்கறதத் தவிர எனக்கு வழியில்ல. மாதிரிக்கு ஒண்ணு செஞ்சு எடுத்துட்டுப் போங்க, திரும்பி வந்ததுல ஒண்ண அழிச்சுக்கலாம்" என்றார்.

ஜூன் 6, வெள்ளி

பட்டறையில் என் கண்முன்னால் ஒரு அட்டிகையை அழித்தார்கள். கல்லையெல்லாம் பெயர்த்தெடுத்துவிட்டு, மூசை என்கிற மண்கிண்ணத்தில் போட்டு நெருப்பில் வைத்தார்கள். "நீங்க வெளிய இருங்க மேடம்" என்றார்கள். மாட்டேன் என்றேன். கிளிகள் முதலில் குழைந்தன. பின்கழுத்து முனைகள் கடைசிவரை நின்றன, கெட்டியான வேலை. பிறகு அவையும் இளகின.

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இது என் புது அட்டிகைக்காக நான் சம்மதித்து அழித்தது. அந்த வித்தியாசம் பெரிது.

ஜூன் 17, செவ்வாய்

வந்துவிட்டது! காலையில் கண்ணாடி முன்னால் நின்றேன். கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தேன். அலகோடு அலகு சேர்ந்து 'டக்' என்றது. அவ்வளவுதான். கழற்றி மறுபடி போட்டேன். இடது கையால் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எத்தனை தரம் போட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் பேச்சி வந்து இறங்கினாள். பேரன் பிறந்திருக்கிறான். அவள் எதிரே ஒரு தரம் பூட்டிக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். மனது சங்கடப்படுவாளோ என்று பயந்தேன்.

"அப்பம் இனி காலம்பற நான் கொஞ்சம் கூட உறங்கலாம்" என்றாள், கழுதை.

ஜூன் 21, சனி

மருதங்கோட்டை. பந்தல், வாழைமரம், ஒழுகும் கூரைக்கு அடியில் சீரியல் விளக்கு. உறவுக்கூட்டம் நிறைந்துவிட்டது. "மாப்பிள்ளை வரலையா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குன்னூரில் மழை என்று ஆளாளுக்குச் சொன்னேன்.

அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அட்டிகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "வேல சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

நாளைக்கு விசேஷத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. மணையில் உட்காருமுன் சபைக்கூடத்து வாசலில் அண்ணன் மனைவி, என் மதினி, நிற்பார். நகை போட்டு உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் "யாரு கைப்பட்டது?" என்று கேட்பார். பூட்டிவிட்டவள் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைக் கூடத்துக்கு உரக்கச் சொல்லி, பூட்டிவிட்டவளுக்கு வெற்றிலைத் தட்டு கொடுப்பார்.

"நாளைக்குச் சபையில பேச்சி கைப்பட்டதுன்னு சொல்லிரு" என்றார் அண்ணன். "பூட்டு முன்னால இருந்தா என்ன, அவதான் பூட்டிவிட்டான்னு இருக்கட்டும். மானம் நின்னுரும். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

ஒரே ஒரு பெயர். பேச்சியிடம் சொன்னபோது, "சொல்லிருங்க நாச்சியா, எனக்கென்ன, தட்டு கெடைக்கும்" என்று சிரித்தாள்.

எத்தனை பேர் கழுத்துக்கு இது போகப்போகிறது. ஒரு சின்னப் பொய்க்காக எல்லாவற்றையும் மூசையில் போடுவதா? சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லவில்லை.

அரக்குப் பட்டு உடுத்தி, அட்டிகையை நானே பூட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் சித்திகள், அவர்கள் மருமகள்கள். மதினி ஒவ்வொருத்தியாகக் கேட்டார், பெயர் சொன்னார்கள், தட்டு போனது. அண்ணன் மாலையும் கழுத்துமாக உள்ளே மணையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சி தட்டு வாங்கத் தயாராகப் பக்கத்தில் நின்றாள்.

"யாரு கைப்பட்டது?"

பேச்சியின் பெயர் வாய்வரை வந்தது. அப்போது அந்த வக்கீல் தலையை நிமிர்த்தியது நினைவுக்கு வந்தது. நான்தான் நிமிர்த்தச் சொன்னேன். சொன்னவள் இங்கே தலையைக் குனிந்துகொண்டு பொய் சொன்னால், பிறகு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவருக்கு இதை விற்பேன்?

"என் கைப்பட்டது மதினி" என்றேன். தேவைக்கு அதிகமாகவே உரக்க வந்துவிட்டது.

கூடத்தில் பேச்சு நின்றது. ஒரு சித்தி "அய்யய்ய" என்றார். பேச்சி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அண்ணன் மணையிலிருந்து பாதி எழுந்துவிட்டார், புரோகிதர் கையமர்த்தி உட்கார வைத்தார்.

மதினி அதிகம் பேசாதவர். முப்பத்தைந்து வருஷத்தில் நாங்கள் சேர்ந்தாற்போலப் பத்து வார்த்தை பேசியதில்லை. என் கழுத்தைப் பார்த்தார். "கழட்டிப் பூட்டு, பாப்பம்" என்றார்.

கழற்றினேன். பூட்டினேன். அலகு சேர்ந்த சத்தம் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

மதினி குனிந்து ஒரு தட்டை எடுத்தார். கூடத்துப் பக்கம் திரும்பி, நான் கேட்டேயிராத குரலில், "குழல்வாய்மொழி நாச்சியா கைப்பட்டது!" என்று சொல்லி, தட்டை என் கையிலேயே கொடுத்தார். நாதஸ்வரக்காரருக்கு என்ன தோன்றியதோ, அந்த நேரம் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். நான் தட்டோடு கூடத்தின் நடுவே நடந்து போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அப்படி நடந்ததில்லை. என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

பந்தி முடிந்ததும் அண்ணன் என்னைத் தேடி வந்தார். வாயைத் திறப்பதற்குள் மதினி குறுக்கே வந்து, "பொம்பளைய கழுத்துச் சமாச்சாரம். அதுல உங்களுக்கு என்ன? காயிதத்துல கையெழுத்தப் போட்டுட்டு வந்தவியளக் கவனிங்க" என்றார். அண்ணன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனா கேட்டார். காகிதம் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. உருக்குவதற்கு இனி ஒரு அட்டிகையும் போகாது, புதிதாகச் செய்வதற்காக அன்றி.

சாயங்காலம் மதினி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவர் அறையில் பணிவிடைக்கு நாலு பெண்கள் உண்டு, அவர்களை எழுப்பாமல் அவரால் ஒரு நகையும் போட்டுக்கொள்ள முடியாது. அண்ணன் அறை வேறு, வீட்டின் அந்தக் கோடியில்.

"எனக்கும் ஒண்ணு செய்யி" என்றார். நாடா எடுத்துக் கழுத்தை அளந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றார்.

"ஒத்தக் கையில வருமா?"

"வரும் மதினி."

"வெளக்கில்லாம, இருட்டுலயும்?"

"இருட்டுலயும் வரும்."

"அப்பம் சரி" என்றார்.